முதுமையைப் பயிலல்: கல்லூரிக் கல்வியில் மூப்பியலின் இடம்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பெற்றோரின் நினைவாக ஒரு நிதியை வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒருவரைப் பேசச் செய்து, அப்பேச்சை அச்சிட்டு மாணவர் கையில் கொடுப்பது நம் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் நல்ல வழக்கம். இவ்வாண்டு அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, மூப்பியல் என்னும் சாஸ்திரத்தைக் கல்லூரியில் பயில்வது பற்றியும், பயின்றவர்களுக்கு அமையக்கூடிய உத்தியோகங்களைப் பற்றியும் பேச விரும்புகிறேன் என்று விண்ணப்பித்துக்கொண்டேன். இருபது வயதினர் நிறைந்த மண்டபத்தில் எண்பது வயதைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நண்பர் சிலர் தயங்கினார்கள். பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம். இன்று இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் உங்கள் உத்தியோக வாழ்க்கையின் நடுப்பகுதியை எட்டும் 2050ஆம் ஆண்டளவில், இந்நாட்டு மக்களில் ஐவருக்கு ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார் என்று ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் கணித்திருக்கிறது. அந்த ஐந்தாமவருக்கு யார் துணை நிற்பது, எந்தப் பயிற்சியைக் கொண்டு நிற்பது என்ற கேள்வி உங்களுடைய கேள்வியே.

2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். அரசின் நிபுணர் குழு செய்த கணிப்பின்படி அத்தொகை 2021இல் 13.8 கோடி, 2031இல் 19.4 கோடி. தென்னாடு இதில் முந்திச் செல்கிறது. கேரளத்தில் 2021இல் 16.5 சதவிகிதமாகக் கணிக்கப்பட்ட முதியோர் பங்கு 2031இல் 20.9 சதவிகிதமாகும், தமிழ்நாட்டில் 13.6 சதவிகிதம் 18.2ஆக உயரும். பிரசவத்தில் தாயும் சேயும் பிழைத்தல், அம்மையும் காலராவும் அடங்குதல், பெண்கள் கல்வி பெறுதல், குடும்பம் அளவோடு அமைதல் ஆகிய நற்காரியங்களை எந்த ராஜ்யங்கள் முதலில் செய்து முடித்தனவோ அவையே முதலில் மூப்படைகின்றன. ஆதலால் இதை ஓர் ஆபத்தாக வருணித்து அஞ்சுவோருடன் நான் உடன்படவில்லை. ஆனால் பிரான்சு தேசத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோரின் பங்கு 7 சதவிகிதத்திலிருந்து 14 சதவிகிதமாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த நூற்றாண்டில் அவர்கள் ஓய்வூதியத்தையும் மருத்துவமனைகளையும் சட்டங்களையும் சாவகாசமாக அமைத்துக்கொண்டார்கள். நமக்கு அத்தகைய அவகாசம் வாய்க்கவில்லை.

மூப்பியல் என்றவுடன் அது வைத்தியத்தின் ஒரு பிரிவு என்று பலர் கருதிவிடுகிறார்கள். முதியோர் மருத்துவம் வேறு, மூப்பியல் வேறு. ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து பாரிஸில் ஆராய்ச்சி செய்த மெச்னிகாஃப் 1903இல் இச்சாஸ்திரத்துக்கு ஜெரன்டாலஜி என்ற பெயரை வழங்கினார். முதியோர் மருத்துவத்துக்கு ஜீரியாட்ரிக்ஸ் என்ற பெயரை 1909இல் வழங்கியவர் நியூயார்க்கில் வைத்தியம் செய்த நாஷர். லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர், 1935 முதல், தீராதவர்கள் என்று கைவிடப்பட்டுப் படுக்கையிலேயே ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, அவர்களில் பலரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். மருந்தோடு வெளிச்சமும், உடற்பயிற்சியும், பேசத் துணையும், வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையும் அவருடைய சிகிச்சையில் சேர்ந்திருந்தன. வைத்தியம் தன் எல்லையை உணர்ந்து சமூக வாழ்வின் பக்கம் திரும்பிய அந்த இடத்திலேதான், என் நோக்கில், மூப்பியலின் உண்மையான தொடக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1975இல் இதற்கெனத் தனிக் கல்லூரியே நிறுவிவிட்டது.

முதுமையின் நலம் சமூக வாழ்வைச் சார்ந்தது என்னும் உண்மையை நம்முடைய பழைய இலக்கியம் வெகு காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. ஆண்டுகள் பல சென்றும் தலை நரைக்காதது எவ்வாறு என்று கேட்டவர்களுக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார் சொன்ன விடையைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. அவ்விடையில் ஒரு மூலிகையோ, லேகியமோ, உணவு விதியோ இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன், இவர்களுக்கு மேலாகத் தம் ஊரில் வாழும் சான்றோர் பலர் ஆகிய இவர்களையே அவர் காரணமாகக் காட்டினார். குடும்பம், பணியாளர், அரசு, ஊர் என்று அவர் அடுக்கிய இந்நான்கும் செம்மையாக இருந்தால் முதுமை வருத்தாது என்பது கற்பனையன்று. இன்றைய மூப்பியல் பாடத்திட்டத்தின் பெரும் பகுதி இந்நான்கையும் பற்றியதே. ஓய்வூதியத்தையும் சட்டத்தையும் படிக்கும்போது மாணவர் அரசனைப் பற்றிப் படிக்கிறார்; பராமரிப்போரின் ஊதியத்தையும் பயிற்சியையும் ஆராயும்போது ஏவலரைப் பற்றிப் படிக்கிறார்; தனிமையைக் குறித்து ஆராயும்போது சான்றோர் வாழும் ஊரைப் பற்றிப் படிக்கிறார்.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர்களை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். காசி இந்து பல்கலைக்கழகத்தில் மதுசூதன் கனுங்கோ உயிரணுக்களின் மட்டத்தில் மூப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியராக இருந்த ராமமூர்த்தி முதியோரின் மனத்தை ஆராயும் மரபொன்றைத் தோற்றுவித்தார். சென்னையில் டாக்டர் வி. எஸ். நடராஜன், இங்கிலாந்தில் பயின்று திரும்பி, 1978இல் அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். அந்த முயற்சியின் வளர்ச்சியாக 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. பட்டப் படிப்பு உண்டாயிற்று. கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையைக் காணும்போது, ஒரு தனி மனிதரின் சிரத்தை எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும். ஆனால் வைத்தியத் துறையில் கிடைத்த இந்த இடம், கலை, அறிவியல் கல்லூரிகளில் மூப்பியலுக்குக் கிட்டவில்லை. சமூகப்பணிப் பட்டத்தில் ஒரு தாளாகவும், உளவியலில் ஓர் அத்தியாயமாகவும் அது ஒதுங்கி நிற்கிறது.

இனி நம் நகரத்துக்கு வருகிறேன். பெங்களூர் வாலிபர்களின் பட்டணம் என்று பெயர் பெற்றது. ஆயினும் இதற்குள்ளே ஒரு முதிய பெங்களூர் இருக்கிறது. 1940இல் தோன்றிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் தோன்றிய இந்தியன் டெலிபோன் தொழிற்சாலை, 1953இல் வந்த எச்.எம்.டி., 1954இல் வந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய பொதுத்துறை ஆலைகளில் கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒன்றாக உழைத்து, சொஸைட்டி மனைகளில் வீடு கட்டி, மக்களைப் படிக்கவைத்தார்கள். அம்மக்களில் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள். இரண்டு மாடி வீட்டில் முதிய தம்பதிகள் இருவரும், அவர்களில் ஒருவர் மறைந்தபின் மற்றவர் தனியாகவும் வாழ்வது இந்நகரின் பழைய லேஅவுட்டுகளில் சர்வ சாதாரணமான காட்சி.

அந்நிலையை முன்னரே உணர்ந்து செயல்பட்டவர்களும் இந்நகரத்தில் உண்டு. 1998இல் டாக்டர் ராதா மூர்த்தியும் பிரேம்குமார் ராஜாவும் நிறுவிய நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை, முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் அமைத்ததோடு, 2002இல் நகரப் போலீசுடன் சேர்ந்து 1090 என்ற உதவி எண்ணை ஏற்படுத்தியது. பிள்ளைகளால் அடிக்கப்பட்டவர், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர், வாடகைக்காரரால் மிரட்டப்பட்டவர் முதலியோர் அந்த எண்ணை நாடினார்கள். மறதிநோய் கண்டவர்களுக்காகவே கஸ்தூரிநகரில் 2010இல் ஒரு நிலையமும் எழுந்தது. நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிலையத்தில் முதியோர் மனநலத்துக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. நாகர்பாவியில் வி. கே. ஆர். வி. ராவ் 1972இல் நிறுவிய சமூக, பொருளாதார மாற்ற ஆராய்ச்சி நிலையம், தமிழ்நாடு உட்பட ஏழு ராஜ்யங்களில் முதியோர் நிலையை 2011இல் ஆராய்ந்த பெரும் பணியில் பங்கு கொண்டது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில், பிரதீக்ஷா அறக்கட்டளையின் 225 கோடி ரூபாய் நன்கொடையால் உருவான மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுரத்தில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த கிராமத்தார் பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிப்பதென்ற சங்கற்பத்தோடு ஓர் ஆராய்ச்சியை நடத்திவருகிறது. மேல்நாட்டுப் பட்டணவாசிகளின் மூளையை அளந்து கண்ட முடிவுகளை அப்படியே ராகி விளையும் ஊர்களுக்குப் பொருத்திவிடக் கூடாது என்ற நியாயமான எண்ணமே அதன் அடிப்படை. அங்கே வீடு வீடாகச் சென்று பெயரையும் வயதையும் ஞாபக சக்தியையும் கேட்டறிந்து, ரத்தம் எடுப்பதற்கு இசைவு பெற்று, மறு ஆண்டும் அவர்களையே வரச் செய்வதற்குப் பொறுமையும் பயிற்சியும் உள்ள ஊழியர்கள் வேண்டும். ஆராய்ச்சியின் பெருமை விஞ்ஞானிகளைச் சேர்ந்தாலும், அதன் உண்மைத்தன்மை இந்த ஊழியர்களின் கையில் இருக்கிறது.

ஸ்ரீநிவாசபுரத்தைச் சொல்லும்போது அதே மாவட்டத்தில் உள்ள மற்றோர் ஊரைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கோலார் தங்கவயலில் 1880 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பூமிக்கடியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, கற்பொடி படிந்த நுரையீரலும், வரிசை வீடுகளும் எஞ்சின. இளையவர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பகல் முழுவதும் மூச்சிரைக்கும் தகப்பனாருடன் இருப்பவர் யார்? பெரும்பாலும், தாமும் எழுபதை எட்டிய அவருடைய மனைவியே. ஒரு முதியவரை இன்னொரு முதியவர் தூக்கி நிறுத்துகிறார். மூப்பியலைப் பயிலும் மாணவர் எவரும் பாடநூலைத் திறப்பதற்கு முன் அந்த ரயிலில் எதிர்த்திசையில் ஒருமுறை சென்று, சாம்பியன் ரீஃப் வரிசை வீடுகளில் ஒரு பகலைக் கழித்து வருதல் வேண்டும் என்பேன். நுரையீரல் நோய், ஓய்வூதியம், புலம்பெயர்தல், மொழிச் சிறுபான்மை, பெண்களின் ஊதியமில்லா உழைப்பு ஆகிய அத்தனை பாடங்களும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றன.

படித்தால் வேலை கிடைக்குமா என்பது பெற்றோர்களின் கேள்வி. அது நியாயமான கேள்வி. அதை அலட்சியம் செய்துவிட்டுச் சேவையின் மேன்மையை மட்டும் உபந்யாசம் செய்வது சரியன்று. இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக நாடளாவிய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்நோய்க்குப் பூரண குணம் அளிக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆகையால் அங்கே சிகிச்சை என்பதே பெரும்பாலும் பராமரிப்புதான்: எந்நேரத்தில் கலக்கம் கூடுகிறது என்று கவனித்தல், குளிக்க மறுப்பவரைக் கட்டாயப்படுத்தாமல் இணங்கச் செய்தல், பழைய பாட்டையும் பழைய தொழிலையும் நினைவூட்டிப் பகற்பொழுதை நிரப்புதல், வீட்டாருக்கு நோயின் போக்கை விளக்கி அவர்களுடைய குற்றவுணர்ச்சியைத் தணித்தல். இவை யாவும் கற்றுத் தேற வேண்டிய தொழில் நுட்பங்கள். பெங்களூரில் முதியோர் இல்லங்களும், ஓய்வுக்காலக் குடியிருப்புகளும், வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனங்களும் பெருகிவருகின்றன; அவற்றுக்குப் பொறுப்பறிந்த மேற்பார்வையாளர்கள் தேவை. உடலியக்க மருத்துவம் பயில்வோரும், பேச்சு, செவிப்புலன் துறையில் பயில்வோரும் முதியோரைத் தம் சிறப்புத் துறையாகக் கொள்ளலாம். கட்டடக் கலை பயில்வோர் வழுக்காத தரையையும், கைப்பிடியுள்ள குளியலறையையும், நடக்கத் தகுந்த தெருவையும் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளலாம்.

சட்டத்தின் வழியாகத் திறக்கும் ஒரு கதவை மாணவர்கள் அறியவேயில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து ஜீவனாம்சம் பெற அது வழி செய்கிறது. அங்கே வக்கீல்கள் வாதாட அச்சட்டத்தின் வாசகம் இடம் தரவில்லை. விசாரணைக்கு முன் மனுவைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் இரு தரப்பையும் இணங்கச் செய்ய முயல வேண்டும். முதியவர் விரும்பினால் பராமரிப்பு அலுவலர் அவர் சார்பில் நிற்கலாம். தாயும் மகனும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் அறையில், சொத்துக் கணக்கை அறிந்தவராகவும், குடும்பத்தின் மனப்போக்கை உணர்ந்தவராகவும், தாய்க்குத் தொடங்கியிருப்பது மறதிநோயோ என்று ஐயுறும் அறிவு படைத்தவராகவும் ஒருவர் இருந்தால் எத்தனை வழக்குகள் கசப்பின்றித் தீரும்! மூப்பியல் பட்டதாரியைக் காட்டிலும் அவ்விடத்துக்குப் பொருத்தமானவர் வேறு யார்? இப்பட்டத்தை அவ்வலுவலர் பதவிகளுக்கு உரிய தகுதிகளில் ஒன்றாக அறிவித்தால், கர்நாடகத்தில் மட்டுமல்ல, இந்தச் சட்டம் நடப்பிலுள்ள எல்லா ராஜ்யங்களிலும் ஒரு புதிய உத்தியோக வகுப்பே உருவாகும்.

எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னொரு வழியைக் காட்டுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளைப் பெண் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவரை நாடி இயன்முறை சிகிச்சையாளரும் செவிலியரும் வருகிறார்கள். வாசல் தேடி வரும் அந்த ஊழியர், மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன், பாட்டி விழுந்தாளா, சாப்பிட்டாளா, யாராவது பேசினார்களா என்று முறையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பயிற்சியைப் பெற்றுவிட்டால், அத்திட்டத்தின் பயன் பன்மடங்காகும்.

இத்தனை தேவை இருந்தும் மாணவர்கள் ஏன் வருவதில்லை? முதற்காரணம் ஊதியம். இந்நகரத்து வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் பலர் தூர ராஜ்யங்களிலிருந்து வந்தவர்கள். நாள் முழுவதும் வேலை, முறையான விடுமுறையில்லை, சம்பளத்தில் ஒரு பகுதி அனுப்பிவைத்த ஏஜென்ஸிக்குப் போய்விடுகிறது. அத்தொழிலை அவ்வளவு தாழ்வாக வைத்துவிட்டு, அதற்கு மேலுள்ள படிப்புக்கு மட்டும் கௌரவத்தை எதிர்பார்ப்பது வீண். ஜப்பான் தேசத்தார் 1987இலேயே பராமரிப்புத் தொழிலுக்குச் சட்டம் இயற்றித் தேசியத் தேர்வும் சான்றிதழும் ஏற்படுத்தினார்கள்; 2000த்தில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொணர்ந்து, அச்சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஊதியம் வரும் வழியையும் அமைத்தார்கள். அங்கும் ஆள் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை என்பது மெய். எனினும் தொழிலுக்கு ஒரு தரமும் பெயரும் உண்டாயின. நம் நாட்டில் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் பயிற்சிகள் நடத்துகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்காக ஒரு பட்டயப் படிப்பு வகுத்தது. ஆனால் பட்டம் பெற்றவரை அமர்த்துவதற்கு அரசாங்கத்தில் பதவிகளை நிர்ணயிக்கும் வரை கல்லூரிகள் பாடத்தைத் தொடங்கத் தயங்கும். பாடம் இல்லாத வரை அரசாங்கமும் பதவியை நிர்ணயிக்காது. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று முதலடி எடுத்து வைக்க வேண்டும். அது கல்விக்கூடமாக இருப்பதே முறை.

இரண்டாவது காரணம் நம் மனத்தில் இருக்கிறது. பெற்றோரைப் பேணுவது மக்களின் தர்மம். அதைக் கூலிக்குச் செய்யும் தொழிலாக்குவது நம் சம்பிரதாயத்துக்கு இழுக்கு என்று நல்லவர்கள் பலர் கருதுகிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் அத்தர்மத்தைக் காலங்காலமாகத் தம் கைகளால் செய்துவந்தவர்கள் மருமகள்களும், மணமாகாமல் வீட்டில் நின்றுவிட்ட மகள்களுமே. அவர்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் உறக்கத்தையும் இழந்து நிறைவேற்றிய கடமைக்கு மகன்கள் புகழ் பெற்றார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பகலில் நான்கு மணி நேரம் வந்து நின்றால் அந்தப் பெண் வேலைக்குப் போய்வரலாம். மாலையில் மாமியாரின் அருகில் களைப்பின்றி அமரலாம். தொழிலாக மாறுவதால் அன்பு குறைந்துவிடாது. குழந்தைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்த பிறகும் தாய்மார்களின் அன்பு குறையவில்லையே.

கல்லூரியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது பற்றி என் எண்ணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரியல், உளவியல், சமூகவியல், பொருளாதாரம், சட்டம் ஆகிய ஐந்திலிருந்தும் பகுதிகள் வேண்டும். அவற்றைக் காட்டிலும் முக்கியமாக, கற்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வகுப்பறைக்கு வெளியே கழிய வேண்டும். மறதிநோய் நிலையத்தில் ஒரு பருவம், தீர்ப்பாயத்தில் ஒரு பருவம், ஒரு கிராமத்தில் ஒரு பருவம் என்று அதை வகுக்கலாம். பெங்களூரில் பயிலும் மாணவருக்குக் கன்னடமும், இயன்றால் உருதுவும் தமிழும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். மறதிநோய் முற்றியவர்களில் பலர் பிற்காலத்தில் கற்ற மொழிகளை இழந்து, தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் முதியவர்களை ஆங்கிலம் மட்டும் அறிந்த பட்டதாரியால் அணுகவே முடியாது. நம் மொழிகள் பலவற்றையும் அறிந்த இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு இத்துறையில் பிறவியிலேயே ஒரு மூலதனம் இருக்கிறது.

இக்கல்லூரியின் நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பட்டப் படிப்பு உடனே இயலாவிடின், எல்லாத் துறை மாணவரும் சேரத்தக்க ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகவேனும் மூப்பியலைத் தொடங்குங்கள். நான் முன்னே சொன்ன நிலையங்களில் பலவும் இங்கிருந்து பேருந்தில் சென்று வரும் தூரத்திலேயே இருக்கின்றன. இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவு போதும். மீதமாகும் வட்டியை, பகல்நேரப் பராமரிப்பு நிலையமொன்றில் பயிற்சி பெறும் ஒரு மாணவிக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள். எனக்கென ஒதுக்கிய சன்மானத்தை அந்நிதியின் முதற்பங்காக ஏற்றுக்கொள்ளுமாறு செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சேர விரும்பும் மாணவர்கள் தங்கள் பெயரை இன்றே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.